உக்ரைன் கலைக்களஞ்சியம்: தொகுப்பாளரை ஒதுக்கிவிட்டு வாசிக்க முடியுமா?

நூலகப்பூனை:
உக்ரைனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒழுங்காக அறிந்துகொள்ள எங்கே தொடங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1984 முதல் 1993 வரை வெளியிட்ட ஐந்து தொகுதிக் கலைக்களஞ்சியமே என் பரிந்துரை. ஊர் ஊராகப் பாடித் திரிந்த பார்வையற்ற கோப்சார் பாணர்கள், ஈஸ்டர் முட்டை ஓவியம், கொசாக்குகள், கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபை என எதைத் தேடினாலும் கிடைக்கிறது. பெரிய கட்டுரைகளில் எழுதியவர் பெயரும் நூற்பட்டியலும் உண்டு. இதன் இணையப் பதிப்பு இலவசம்.

செங்கோடன்:
பரிந்துரைக்கும் முன் தொகுப்பாசிரியர் யார் என்று பார்த்தீர்களா, நண்பரே? வொலோதிமிர் குபியோவிச். தேர்ந்த புவியியலாளர், அதை மறுக்கவில்லை. அதே மனிதர்தான் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் போலந்தின் கிராக்கோவிலிருந்து, ஜெர்மானியர் அனுமதித்த உக்ரைனிய மையக் குழுவை நடத்தினார். 1943இல் நாஜிகளின் எஸ்.எஸ். ஆயுத அமைப்பின் கீழ், மேற்கு உக்ரைனின் கலீசியப் பகுதியினரைக் கொண்ட கலீசியப் படைப்பிரிவு உருவாக முன்னின்றவரும் அவரே. போர் முடிந்ததும் பிரான்சில் குடியேறி, தன் நாட்டின் கதையை உலகுக்கு எடுத்துச் சொல்ல உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையை நான் ஏன் நம்ப வேண்டும்?

பழையதாள்:
நம்ப வேண்டாம், சரிபாருங்கள். ஆனால் அந்த வேலை ஏன் ஒரு புலம்பெயர்ந்தவர் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோவியத் உக்ரைனிலேயே 1930களின் தொடக்கத்தில் ஒரு கலைக்களஞ்சியம் தயாரானது. அதன் தலைமை மிகோலா ஸ்கிரிப்னிக்கிடம் இருந்தது. தேசியவாதியல்ல, பழைய போல்ஷெவிக். உக்ரைனிய மொழிக்காக நின்றார் என்பதற்காகக் கட்சி அவரை விரட்டி விரட்டித் தாக்கியது. 1933 ஜூலையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கலைக்களஞ்சியத் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். நாடகக்காரர் லெஸ் குர்பாஸ், கவிஞர் மிகோலா சேரோவ் போன்றவர்கள் 1937 நவம்பரில் ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள சாந்தர்மோக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டுரை எழுதக்கூடிய ஒரு தலைமுறையே இப்படிப் போனது.

பிறகு 1949 முதல் ஷெவ்சென்கோ அறிவியல் கழகம் என்ற உக்ரைனிய அறிஞர் அமைப்பின் பெயரில் குபியோவிச் குழு உக்ரைனிய மொழியில் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. சோவியத் தரப்பும் விடவில்லை. மிகோலா பஜான் தலைமையில் 1959 முதல் 1965 வரை 17 தொகுதிகள் வந்தன. நல்ல தாள், நல்ல படங்கள். ஆனால் உக்ரைனில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1932–33 பஞ்சத்தை அந்த அரசு 1987 இறுதி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்போது வாசகன் எங்கே போய்ப் படிப்பான்?

செங்கோடன்:
சோவியத் மறைத்தது என்பதால் இவர்கள் மறைக்கவில்லை என்று ஆகிவிடாது. இணையப் பதிப்பை நடத்துவது கனடாவின் உக்ரைனிய ஆய்வு நிறுவனம். அது அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் கனடா நாடாளுமன்றம் எழுந்து நின்று ஒரு முதியவருக்குக் கைதட்டியது. அவர் அதே கலீசியப் படைப்பிரிவில் இருந்தவர் என்று தெரிந்ததும் சபாநாயகர் பதவி விலகினார். அந்த முதியவர் பெயரில் இந்த நிறுவனத்தில் இருந்த 30,000 டாலர் அறக்கொடையையும் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இது பழங்கதையா?

நூலகப்பூனை:
ஓர் அறக்கொடைக்கும் முட்டை ஓவியக் கட்டுரைக்கும் என்ன தொடர்பு, ஐயா?

செங்கோடன்:
முட்டை ஓவியத்தோடு நிறுத்திக்கொள்வதானால் ஒன்றுமில்லை.

மருதாணி:
இருவரும் ஐந்து தொகுதிகளையும் ஒரே மனிதர் ஒரே நாளில் எழுதியதுபோலப் பேசுகிறீர்கள். குபியோவிச் 1985இல் இறந்துவிட்டார். 1993இல் வந்த கடைசி மூன்று தொகுதிகளுக்கு ஆசிரியர் டானிலோ ஹுசார் ஸ்த்ருக். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது ஆங்கில அகரவரிசை! செர்னோபிலுக்குரிய எழுத்து முதல் தொகுதியில் வருகிறது. அந்தத் தொகுதி வந்தது 1984இல், அங்கே அணுஉலை வெடித்தது 1986இல். பஞ்சத்துக்குரிய ஆங்கில எழுத்தும் அதே முதல் தொகுதிதான். சோவியத் ஆவணக் காப்பகங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. வரிசையில் பின்னால் வரும் தலைப்புகளுக்கு மட்டும் சுதந்திர உக்ரைனைப் பார்த்துவிட்டு எழுதும் வாய்ப்பு இருந்தது. அதனால் அச்சுத் தொகுதியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இணையப் பதிப்பில் செர்னோபில் விபத்துக்குத் தனிக் கட்டுரையே இருக்கிறது.

பழையதாள்:
நல்ல கவனிப்பு, அம்மா. ஆனால் இணையப் பதிப்பில் ஒரு கட்டுரையைத் திருத்தும்போது பழைய வடிவம் மறைந்துவிடுகிறது. 1984இல் என்ன நினைத்தார்கள் என்று அறிய அச்சு வேண்டும். நான் அச்சை விடமாட்டேன்.

செங்கோடன்:
இதில் மட்டும் பழையதாள் சொல்வதை ஏற்கிறேன். அவர்கள் அன்று எழுதியது அழியாமல் கிடக்கட்டும். பூனையாரே, உங்களிடம் இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கலீசியப் படைப்பிரிவு பற்றி அச்சிலும் இணையத்திலும் என்ன இருக்கிறதென்று பக்கம் பக்கமாக வைத்து இங்கே போடுங்கள். அதற்குப் பிறகு பேசுகிறேன்.

நூலகப்பூனை:
வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. சனிக்கிழமை போடுகிறேன். யூதர்கள் பற்றிய கட்டுரையையும் சேர்த்து.