'ரிவர்ஸ் ஜூனோசிஸ்': 'தாவுதொற்று' என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மனிதரைப் பிடித்த சளிக்காய்ச்சல் வைரஸ் அவர் வீட்டுப் பூனைக்கோ நாய்க்கோ பரவுவதுபோல், மனிதரிடமிருந்து விலங்குக்குத் தொற்று போவதை ஆங்கிலத்தில் 'ரிவர்ஸ் ஜூனோசிஸ்' என்கிறார்கள். அதைத் தமிழில் குறிக்க நம் குழுமத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளுள் 'தலைகீழ் விலங்குநோய்', 'மனிதவழி விலங்குநோய்' ஆகிய இரண்டுக்கும் ஆதரவு மிகுந்திருக்கிறது. இரண்டையுமே ஏற்கத் தயங்குகிறேன்.

உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு 1959இல் ஜூனோசிஸ் என்பதற்குத் தந்த வரையறை, முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் மனிதருக்கும் 'இடையே' இயற்கையாகப் பரவும் நோய்களையும் தொற்றுகளையும் குறிப்பது. திசை எதையும் அது விதிக்கவில்லை. நேர் எதுவென்று வரையறையே சொல்லாதபோது தலைகீழ் எங்கிருந்து வந்தது? விலங்குதான் நோயின் ஊற்று என்னும் பழக்கத்தால் ஆங்கிலத்தில் பின்னாளில் ஒட்டிய அடைமொழி அது. நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'நோய்'. 2009இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வீட்டாருக்குக் காய்ச்சல் கண்ட பின்னர், அவர்களுடைய 13 வயதுப் பூனைக்கு எச்1என்1 என்னும் சளிக்காய்ச்சல் வைரஸ் உறுதியானது. அந்தப் பூனை உண்மையிலேயே நோயுற்றுத் தேறியது. ஆனால் 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில், கொரோனா கண்ட உரிமையாளரின் பொமரேனியன் நாயிடம் வைரஸ் தென்பட்டபோதும் நோய்க்குறி எதுவும் தோன்றவில்லை. இரண்டுக்கும் பொதுவான சொல் 'தொற்று' என்பதே.

எனக்கு அதிகம் உறுத்துவது 'வழி'. கொசுவழி நோய், நீர்வழி நோய் என்னும்போது கொசுவும் நீரும் கடத்திகளே. அவை நோயாளிகள் அல்ல. நாய்களைத் தாக்கும் பார்வோ என்னும் வைரஸைத் தெருவில் மிதித்துச் செருப்பில் ஒட்டிக் கொண்டுவந்து தன் நாய்க்குட்டிக்குத் தருகிறவரும் ஒருவகையில் 'மனிதவழி'தான், ஆனால் அவருக்கு அந்தத் தொற்று இல்லை. நாம் தேடும் சொல் இந்த நிகழ்வை உள்ளே விடக்கூடாது. நண்பர் ஒருவர் சொன்ன 'மனிதமூல' என்பதிலும் இதே மயக்கம் உண்டு என்பதோடு, மருத்துவ அறிக்கையில் 'மூலம்' என்ற எழுத்துகளைக் கண்டால் வாசகர் மனம் போகும் இடம் வேறு.

ஆகவே 'தாவுதொற்று' என்னும் வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன். இனம் விட்டு இனம் தாவும் தொற்று என்று அது விரியும். செருப்பில் வந்த பார்வோ நாயிலிருந்து நாய்க்கே போவதால் தானாக விலகிவிடும். திசையைச் சொற்களின் வரிசையே காட்டட்டும்: விலங்கு-மனிதத் தாவுதொற்று, மனித-விலங்குத் தாவுதொற்று. நீளம்தான், ஆனால் ஆங்கிலத்தில் 'ஆந்த்ரபோஜூனோசிஸ்', 'ஜூஆந்த்ரபோனோசிஸ்' என்னும் இரண்டையும் ஆளுக்கொரு திசையில் ஆண்டு குழம்பியிருப்பதைப் பார்த்தால், இந்த நீளம் பொறுக்கத்தக்கதே.

ஒரே வைரஸ் இரு திசையிலும் போவது புதிதன்று. 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா ஆகியோர் இன்ஃப்ளுயென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே, நோயாளியின் தொண்டை கழுவிய நீரை ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்கின் மூக்கில் இட்டுத்தான். பின்னர் அப்படி நோயுற்ற ஃபெரெட் ஒன்று தும்மி, ஸ்மித்தோடு ஆய்வு செய்த ஸ்டூவர்ட்-ஹாரிஸுக்குக் காய்ச்சல் வந்தது. 2021இல் தாய்லாந்தில், தொற்று கண்ட தந்தை மகன் வீட்டுப் பூனையைச் சோதித்தபோது அது கால்நடை மருத்துவர் முகத்தில் தும்ம, அவருக்கும் கொரோனா வந்தது. இந்த இரண்டாம் பாய்ச்சலுக்கு 'மீள்தாவல்' என்னும் சொல் பொருந்தும். டென்மார்க்கில் மனிதரிடமிருந்து பண்ணைகளில் உரோமத்துக்காக வளர்க்கும் மிங்கு என்னும் சிறு விலங்குகளுக்குப் போய், மாற்றங்களோடு மீண்டும் மனிதரிடம் வந்த கொரோனா வகைக்கும் அதுவே போதும். அந்த ஒன்றுக்காக 2020இல் அங்கே மிங்குகள் கோடிக்கணக்கில் கொல்லப்பட்டதை எண்ணினால், மீள்தாவலுக்குத் தனிப்பெயர் தேவை என்பதில் ஐயமிராது.

எனக்குத் தீராத ஐயம் ஒன்றுண்டு. பன்றியிலிருந்து நாய்க்கு என்பதுபோல் விலங்குக்கும் வேறின விலங்குக்கும் இடையே நடப்பதும் தாவல்தான். அடைமொழியில்லாத 'தாவுதொற்று' அதையும் உள்ளடக்கிவிடுகிறது. ஜூனோசிஸுக்கு நேர்ச்சொல்லாக அதைத் தனியே ஆளலாமா, அடைமொழியோடு மட்டும் ஆள வேண்டுமா என்பதைக் குழுமத்திலுள்ள கால்நடை மருத்துவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.