தலைச்சன் அல்லாத மூத்தவள்

பிறந்த வரிசைதான் ஒருவரின் குணத்தைத் தீர்மானிக்கிறதா? வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் இதைப் பற்றி எழுதிக்கொண்டது.

பெரியக்கா:
எங்கள் ரேஷன் கார்டில் பிள்ளைகளில் என் பெயர்தான் முதலில் இருக்கும். ஆனால் நான் தலைச்சன் இல்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, எட்டாம் மாதமே போய்விட்டான். பாட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்துதான் எனக்கே தெரியும். அப்போது எனக்கு 12 வயது. அதற்குள் முழு மூத்தவளாகிவிட்டிருந்தேன். தங்கைக்குப் பேன் பார்ப்பது, கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பது, அம்மாவுக்கு முடியாத நாளில் உலை வைப்பது எல்லாம் நான்தான். "நீ பெரியவ இல்லையா, விட்டுக்கொடு" என்று கேட்காத நாள் கிடையாது. (பெரிய மாம்பழத் துண்டு எப்போதும் தங்கைக்கே. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.)

வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர், முதல் பிள்ளையை அடுத்தது பிறந்ததும் அரியணை இழக்கும் ராஜாவைப் போலப் பார்த்தார். சரி, அந்த அரியணை முதலில் என்னுடையதுதானா?

நார்வேயில் ராணுவத்துக்கு வந்த சுமார் 2,40,000 இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்களை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. மூத்தவர்களுக்கு இரண்டாமவர்களைவிட இரண்டு மூன்று புள்ளி கூடுதல். ஆனால் மூத்த குழந்தை சிசுவிலேயே இறந்திருந்தால், இரண்டாவதாகப் பிறந்தவரும் மூத்தவர் அளவுக்கே எடுத்திருந்தார். அப்படியானால் வித்தியாசம் கருப்பையில் இல்லை, வளர்ந்த இடத்தில். அவர்கள் எல்லாரும் ஆண்கள், அளந்தது குணத்தையும் அல்ல. இருந்தாலும் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலாவது ஆள்:
அக்கா, குணத்துக்கும் பிறந்த வரிசைக்கும் பெரிய தொடர்பில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000 பேருக்கு மேல் பார்த்த 2015 ஆய்வில் பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போவது எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. என் கதையும் அப்படித்தான். வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத நான், காலேஜ் ஹாஸ்டலில் இரண்டு வருடம் மெஸ் கணக்கு பார்த்தேன். ஒரு ரூபாய் உதைக்கவில்லை. ஊருக்குப் போனால் மறுபடி சின்னவன். 41 வயதாகிறது, இப்போதும் பஸ் ஏற்றிவிட அண்ணன் வருவார். ஜன்னல் சீட்டா என்று உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

நடுவுலவன்:
நான் நடு. வீட்டு ஆல்பத்தில் நான் மட்டும் தனியாக இருக்கும் போட்டோ ஒன்றுகூட இல்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

பெரியக்கா:
தம்பி, நான் கேட்கிறேன், எழுதுங்கள்.

நாலாவது ஆளுக்கு: ஜன்னல் சீட்டு பார்க்கிற ஜாதி நானும்தான். போன மாதம் அம்மாவிடம், அந்த அண்ணனுக்குப் பேர் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். "வெச்சோமே, தாத்தா பேரு" என்றாள். அதையேதான் அப்புறம் என் தம்பிக்கும் வைத்திருக்கிறார்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.