அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வருமாம்

கல்லூரியில் படிக்கும்போது எனக்குப் பச்சரிசி தின்னும் பழக்கம் வந்தது. அம்மா அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடி, அப்புறம் டப்பாவிலிருந்து இன்னொரு பிடி. "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்டி" என்று பாட்டி திட்டுவார். அது இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையின் அறிகுறி என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மாடி ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இரத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது, அதனால் எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இரத்த தான முகாமில் விரலில் குத்திப் பார்த்து, ஹீமோகுளோபின் 7.8தான், நீங்கள் கொடுக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அரிசி, சாக்பீஸ், மண் ஏதாவது தின்கிறாயாம்மா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதவிலக்கு எத்தனை நாள் என்றும் கேட்டார். எட்டு நாள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இரத்தம் போன வழி அதுதான். ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பு, வெறும் 5.

டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை முதலில் காபியோடு விழுங்கினேன். அது பெரிய தப்பு, காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கத் தொடங்கிய இரண்டே வாரத்தில் அரிசி ஆசை போய்விட்டது. 12 தாண்டிய பிறகும் மூன்று மாதம் நிறுத்தாமல் சாப்பிட்டேன்.

* * *

இன்னொருவரின் அனுபவம்: என் அப்பாவுக்கு 63 வயது. சோர்வு என்றதும் மருந்துக் கடையில் டானிக் வாங்கி ஆறு மாதம் கொடுத்தோம். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்தபோது இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் போட்ட வலி மாத்திரை செய்த வேலை. அந்த வயதில் ஆணுக்கு இரத்தம் குறைந்தால் டானிக் தேடாதீர்கள், எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

* * *

மூன்றாமவரின் அனுபவம்: எனக்கு இரண்டு வருடம் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டவே இல்லை. ஃபெரிட்டின் பார்த்தால் சரியாக இருக்கிறது, சிவப்பணுக்கள் மட்டும் சிறுத்திருந்தன. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற பரிசோதனையில்தான் தலசீமியா மைனர் என்று தெரிந்தது. ஹீமோகுளோபின் உருவாவதில் உள்ள குறைபாடு அது, பிறவியிலேயே வந்தது. கணவருக்கும் இருந்தால் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்பதால் அவருக்கும் பார்த்தோம். இல்லை என்ற ரிப்போர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.