ஸ்வெட் வழக்கும் டெக்சாஸ் சட்டப் பள்ளி லைப்ரரியும்: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மதுரை வக்கீல்:

மகள் வீடு ஆஸ்டினில். வந்தால் இரண்டு மூன்று மாதம் தங்குவேன். பேரன் ஸ்கூலுக்குப் போய்விட்டால் வீட்டில் டிவிதான் துணை. காலமெல்லாம் கோர்ட்டில் நின்ற ஆளுக்கு அது ஒத்துவராது. அதனால் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் டார்ல்டன் லைப்ரரிக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கோவிட்டுக்கு முந்தைய காலம், வெளியாட்களையும் விட்டார்கள்.

தேடிப் போனது ஒரே ஒரு தீர்ப்பை. ‘ஸ்வெட் எதிர் பெயின்டர்’, 1950. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புத் தொகுப்பான யு.எஸ். ரிப்போர்ட்ஸில் 339-வது வால்யூம், 629-ம் பக்கம். "நெட்டிலேயே கிடைக்குமே மாமா" என்றார் மருமகன். கிடைக்கும்தான். ஆனால் இந்தப் பள்ளியின் புத்தக எண்ணிக்கையே சாட்சியமாக ஏறிய வழக்கு அது. கட்டடம் இன்று வேறு என்றாலும் அந்த அலமாரிகளுக்கு நடுவில் வைத்துப் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

கதை தெரியாதவர்களுக்காக: ஹூஸ்டனில் தபால்காரராக இருந்தவர் ஹீமன் ஸ்வெட். 1946 பிப்ரவரியில் இந்தச் சட்டப் பள்ளியில் இடம் கேட்டு மனுப் போட்டார். தகுதியில் ஒரு குறையும் இல்லை. கறுப்பர் என்பதால் கிடையாது என்றார்கள். அவர் மேன்டமஸ், அதாவது ‘உன் கடமையைச் செய்’ என்று அதிகாரிக்குக் கோர்ட் போடும் உத்தரவு, கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். நம் ஊரில் காலேஜ் சீட் மறுக்கப்பட்டவன் ஹைகோர்ட்டில் போடுவானே, அதே ரிட்தான். கறுப்பருக்குத் தனிப் பள்ளி வைக்கலாம், அது சமமாக இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய சட்டம். ஜட்ஜ் என்ன செய்தார் தெரியுமா? ரிட்டைக் கொடுக்காமல், ‘சமமான’ வேறொரு சட்டப் பள்ளியை உண்டாக்கிக்கொள்ள அரசுக்கு ஆறு மாதம் டைம் கொடுத்தார்! எதிர்த்தரப்பு தன் வாதத்தைச் செங்கல் வைத்துக் கட்டி முடிக்கும்வரை வாய்தா கொடுத்த கோர்ட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அரசும் கட்டியது. மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிட்டல் பக்கத்தில் கிழக்கு 13-ம் தெருவில் ஒரு பேஸ்மென்ட்டைப் பிடித்து 1947 மார்ச்சில் திறந்தார்கள். தனக்கென்று வாத்தியார் கிடையாது; பல்கலைக்கழகத்து ஆட்கள் நாலு பேர் வந்து பாடம் நடத்துவார்களாம். பத்தாயிரம் புத்தகத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறோம் என்றார்கள். வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். முழுநேர லைப்ரேரியனும் இல்லை. ஸ்வெட் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவதற்குள் அந்தப் பள்ளி ஹூஸ்டனுக்கு மாறி, 16,500 புத்தகம், 5 பேராசிரியர், 23 மாணவர் என்று வளர்ந்திருந்தது. இந்தப் பக்கம் 65,000-க்கு மேல் புத்தகம், 16 முழுநேரப் பேராசிரியர், 850 மாணவர். கணக்கு மட்டுமே பேசியிருந்தால் ஆபத்து. இன்னும் ஐம்பதாயிரம் புத்தகம் வாங்கிப் போட்டுவிட்டு ‘இப்போது சமம்’ என்று வந்து நின்றிருப்பார்கள். தலைமை நீதிபதி வின்சன் அந்தக் கதவையும் சாத்தினார். பேராசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, பள்ளியின் மரபு, இதெல்லாம் அளந்து சொல்ல முடியாதவை, அவைதான் ஒரு சட்டப் பள்ளியைப் பெரிய பள்ளியாக ஆக்குகின்றன என்று எழுதினார். அடுத்த பத்திதான் எனக்கு இன்னும் பிடித்தது. மாநிலத்தில் 85 சதவீத மக்களை, அதாவது கறுப்பரல்லாதவர்களை, ஒதுக்கிவைத்த அந்தத் தனிப் பள்ளியில் படித்து, நாளை அதே மக்களில் இருந்து வரும் ஜட்ஜ், ஜூரி, சாட்சி முன்னால் போய் எப்படி நிற்பான் என்கிறார். எங்கள் சீனியர் "படிப்பு புஸ்தகத்தில பாதி, பார் ரூம்ல பாதி" என்பார். பார் ரூம் என்றால் கோர்ட்டில் வக்கீல்கள் கூடி உட்காரும் அறை. அதுவேதான்.

1950 ஜூன் 5, ஸ்வெட்டைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒருமனதான தீர்ப்பு. மொத்தம் எட்டுப் பக்கம். இன்றைக்கு முன்ஜாமீன் உத்தரவே அதைவிட நீளம்.

ஹூஸ்டன்வாசி:

வக்கீல் சார், நீங்கள் சொன்ன அந்த ‘இன்னொரு பள்ளி’ இருக்கும் வழியாகத்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். 1947-ல் அவசர அவசரமாக ‘நீக்ரோக்களுக்கான டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம்’ என்று ஆரம்பித்தது இன்று டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அதன் சட்டப் பள்ளிக்கு என்ன பெயர் தெரியுமா? தர்குட் மார்ஷல். ஸ்வெட்டுக்காக சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர்! ஸ்வெட்டை ஆஸ்டினுக்குள் விடாமல் இருக்க உண்டாக்கிய பள்ளி, அவருடைய வக்கீலின் பெயரில் ஓடுகிறது.

ஒருநாள் உபர் ஓட்டிய பெரியவர் அங்கே படித்தவராம். நான் ஸ்வெட் கதையை எடுத்ததும், "பார்பரா ஜோர்டன் தெரியுமா?" என்று கேட்டார். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினராகி, ஜனாதிபதி நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் நாடே கேட்கப் பேசிய அதே அம்மா, இந்தப் பல்கலைக்கழகத்தில் 1956-ல் பட்டம் வாங்கியவர். "எங்களை மட்டம் தட்டக் கட்டினார்கள், நாங்கள் அதை எங்களுடையதாக்கிக்கொண்டோம்" என்றார் அந்தப் பெரியவர். இறங்கும் இடம் வந்தும் ஐந்து நிமிடம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார்.

பயாலஜி டீச்சர்:

தீர்ப்போடு நிறுத்திவிட்டீர்களே அண்ணா, ஸ்வெட் என்ன ஆனார்? 1950 செப்டம்பரில் சேர்ந்தார். வயிற்றுப் புண், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், வகுப்பு விட்டுப்போனது, கல்யாணமும் உடைந்தது. 1952-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். பிறகு அட்லாண்டாவில் சமூகப்பணி படித்து அந்தத் துறையிலேயே இருந்து 1982-ல் காலமானார். ஜெயித்த வழக்கின் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். யாராவது ‘கடைசியில் நீதி வென்றது’ என்று முடித்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பிரதிவாதி பெயின்டரைப் பற்றியும் ஒன்று. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த அவர் எங்கள் துறை ஆள், பெரிய விலங்கியலாளர். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923-ல் எண்ணிச் சொன்னவர் அவர்தான். 1956-ல் 46 என்று திருத்தும்வரை பாடப் புத்தகமெல்லாம் 48-தான். என் பையன் ஆஸ்டினில் படித்தபோது அவனுக்கு வகுப்பு நடந்தது பெயின்டர் ஹாலில். இந்தக் கதையை நான் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

மதுரை வக்கீல்:

டீச்சரம்மா சொன்னது சரி. ஆனால் ஆஸ்டினில் டிராவிஸ் கவுன்ட்டியின் பழைய கோர்ட் கட்டடத்துக்கு 2005-ல் ஸ்வெட் பெயர் வைத்தார்கள். அவர் வழக்கு முதலில் நடந்தது அங்கேதான். செத்து இருபத்து மூன்று வருஷம் கழித்து, அது வேறு விஷயம்.

லைப்ரரியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தீர்ப்புச் சொன்ன ஒன்பது சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளில் டாம் கிளார்க் டெக்சாஸ்காரர், இதே சட்டப் பள்ளியின் பழைய மாணவர். ஸ்வெட்டைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று தன் சகாக்களுக்குக் குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். சின்னப் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளிகள் வரைக்கும் இதை இழுக்க வேண்டாம் என்றும் அதிலேயே சேர்த்திருந்தார். அந்த அளவுக்குத்தான் அன்றைக்கு அவருக்கு மனசு வந்தது. நாலு வருஷம் கழித்து, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் வழக்கில் பள்ளிக் கதவும் திறந்தபோது அவர் அந்தப் பெஞ்சிலும் இருந்தார். அவருடைய காகிதங்கள் டார்ல்டன் லைப்ரரியில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாராவது ஆஸ்டின் பக்கம் போனால், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த மாதிரிப் பெட்டியை, நேரில் போய் நின்றவுடனே எந்த ஊரிலும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.