உயிரியற்பியலில் முனைவர் பட்டம்: இயற்பியல் படித்தவர் எப்படித் தயாராவது?

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி, திருச்சி):
அனைவருக்கும் வணக்கம். இயற்பியலில் இறுதியாண்டு படிக்கும் நான், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவில் ஆய்வுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைத் தொட்டதே இல்லை என்பதால், நேர்முகத் தேர்வை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. உயிர்வேதியியலை முழுவதுமாகப் படிக்க வேண்டுமா, அல்லது இயற்பியலிலேயே ஊன்றி நிற்கலாமா?

மறுமொழி 1 (ஆய்வு மாணவர்):
இயற்பியலைக் கைவிடாதீர்கள். அப்பிரிவை 1971இல் நிறுவிய ஜி. என். ராமச்சந்திரனே இயற்பியலாளர்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1963இல் அவர் குழு வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்னும் வடிவியல் கேள்விக்கு விடை சொல்வது. இயற்பியல் மாணவர் அளவுகளைக் கொண்டு சிந்திப்பவராக இருக்க வேண்டும். செல்லுக்குள் சரக்குகளை இழுத்துச் செல்லும் கைனசின் என்னும் மோட்டார் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 8 நானோமீட்டர் நகரும் அது, சுமார் 6 பிக்கோநியூட்டன் எதிர்விசை வரை தாங்குகிறது. இரண்டையும் பெருக்கி, ஏடிபி தரும் ஆற்றலோடு (அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலைப் போல் 20 மடங்குக்குச் சற்று மேல்) ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதி ஆற்றல் வேலையாக மாறுவது தெரியும். எந்த இயந்திரத்துக்கும் பெருமை தரும் அளவு இது! இத்தகைய கணக்குகளைத் தாளில் போட்டுப் பழகுங்கள்.

மறுமொழி 2 (புரதப் படிகவியல் ஆய்வாளர்):
முன்னவர் சொன்னது சரியே. ஆயினும் புரதங்களின் கட்டுமான அலகுகளான 20 அமினோ அமிலங்களில் எவை மின்னூட்டம் கொண்டவை, எவை நீரை வெறுப்பவை என்பதையாவது அறியாமல் செல்லாதீர்கள். அது தெரியாவிட்டால், புரதச் சங்கிலி ஏன் மடிந்து வடிவம் பெறுகிறது என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது ஆய்வுக்கூடத் தேர்வு. சோதனை சார்ந்த கூடத்தில் சேர்ந்தால், புரதத்தைப் பாக்டீரியாவில் உருவாக்கித் தூய்மைப்படுத்துவதிலேயே மாதங்கள் கழியக்கூடும். புரதத்தின் அமைப்பை அறியத் தேவையான படிகம் வராமலே போவதும் உண்டு. கணினி உருவகப்படுத்தலில் நாட்டமுள்ளவருக்கு அது பெரும் சுமை. ஆகவே வழிகாட்டியின் கட்டுரைகளைப் படிப்பதோடு, அங்கே தற்போது பயிலும் மாணவர்களிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மறுமொழி 3:
சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை இயற்பியல் பாடத்திலேயே எழுதுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. எந்தெந்தத் தேர்வுகள் ஏற்கப்படும் என்பதை மட்டும் அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிக்கையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.