செஞ்சிறகா, செந்தோளா? சுவரொட்டிக்கு ஒரு பறவைப் பெயர்

வணக்கம். கனடாவின் ஸ்கார்பரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ரூஜ் சதுப்பில் பிள்ளைகள் பார்க்கும் பறவைகளுக்குத் தமிழ்ப் பெயரோடு ஒரு சுவரொட்டி, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரெட்விங்ட் பிளாக்பேர்ட் மட்டும் பெயர் இல்லாமல் நிற்கிறது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததே அதுதான்: சம்பு (சதுப்பில் வளரும் உயரமான கோரை) உச்சியில் இருந்து கத்தும், கூடு இருக்கும் மே, ஜூனில் நடைபாதையில் போகிறவர் தலையைக் கொத்த வரும். 'செஞ்சிறகுக் கருங்குருவி' சரியா?

---

ரீச்சர், வேண்டாம். கறுப்பு உடல், செஞ்சிறகு என்றால் நமக்குச் செண்பகம்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டார் சொல்லும் செம்போத்து. நீங்கள் கேட்கும் பறவையில் ஆணுக்குச் சிவப்பு தோளில் மட்டும், கீழே மஞ்சள் கரை. தன் எல்லையில் விரித்துக் காட்டும், இன்னொன்றின் எல்லைக்குள் நுழைந்தால் மறைத்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் அந்தச் சிவப்பில் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தபோது பல ஆண் பறவைகள் எல்லையையே இழந்தன. ஆகவே செந்தோட்கரும்புள். செந்தோளை உடைய கரும்புள், வேற்றுமைத் தொகை; ளகரம் டகரமாவது நன்னூல் விதி.

---

ஐயா, விதி சரி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை 'செந்தோட்' என்று படித்ததும் தோட்டத்தைத் தேடும். பறவையைப் 'புள்' என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? 'செந்தோள் கருங்குருவி' போதும்.

---

கருங்குருவி என்றதும் திருவிளையாடற் புராணத்துக் கரிக்குருவி நினைவுக்கு வருகிறது. காகங்கள் கொத்தி விரட்டிய அந்தக் குருவி மதுரைக்கு வந்து மந்திரம் பெற்று 'வலியான்' ஆனது. கனடாப் பறவையும் காகத்தையும் பருந்தையும் துரத்துகிறதே! 'செந்தோள் வலியான்' என்றால் என்ன?

---

வலியான் இரட்டைவால் குருவி ஐயா, வேறு குடும்பம். பிளாக்பேர்ட் என்பதே கடன் பெயர். ஐரோப்பாவின் பிளாக்பேர்ட் பூங்குருவி இனம், அதன் உறவு நீலகிரியிலும் உண்டு. குடியேறியவர்கள் கறுப்பைப் பார்த்து அமெரிக்கப் பறவைக்கும் அதே பெயரை வைத்தார்கள். அப்புறம் பெண்ணை யாரும் நினைக்கவில்லை. அது பழுப்பு, உடலெங்கும் கோடுகள், கறுப்புமில்லை, செந்தோளுமில்லை. சம்புத் தண்டுகளைச் சேர்த்துக் கூடு பின்னுவது அதுதான். ஆகவே 'சம்புக் குருவி' என்பதே என் விருப்பம்.

---

சம்புக் குருவி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே சம்பில் வேறு பறவைகளும் உண்டு, பிள்ளைகள் குழம்புவார்கள். 'செந்தோள் கருங்குருவி' என்பதையே அனுப்புகிறேன். பெண் பறவையின் படத்தையும் பக்கத்தில் சேர்க்கிறேன்.

---

புள்ளை விட்டுக்கொடுத்தேன் ரீச்சர், டகரத்தை விட மனமில்லை. அடுத்த பதிப்பிலாவது 'செந்தோட்கருங்குருவி' என்று போடுங்கள்.