லீட்ஸ்ல இருக்கற எப்ஸ்டைனோட கர்ப்பிணி சிலைக்கு நம்ம கோயில் சிலை சாயல் எப்படி வந்துச்சு?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் லீட்ஸ்ல எம்.எஸ்சி படிக்கறேன், ஆர்ட் ஹிஸ்டரி எல்லாம் தெரியாது. மழைக்கு ஒதுங்கத்தான் இங்க இருக்கற ஆர்ட் கேலரிக்குள்ள போனேன், அங்க ஜேக்கப் எப்ஸ்டைன்னு ஒருத்தர் 1910ல செதுக்கின 'மெட்டர்னிட்டி'ங்கற சிலை, ஆள் உயரத்துக்கும் மேல, தலையைக் குனிஞ்சு தன் வயித்தையே பாத்துக்கிட்டு நிக்கற ஒரு கர்ப்பிணி. அந்த உருண்ட மார்பு, இடுப்பை ஒரு பக்கமா விட்டு நிக்கற நிலை, பாத்ததும் மீனாட்சி கோயில் தூண்ல இருக்கற பொண்ணுங்கதான் ஞாபகம் வந்தாங்க, சின்ன வயசுல ஒவ்வொரு தூணா தொட்டுக்கிட்டே நடப்பேன். எங்க அக்காவுக்கு இப்ப ஏழாம் மாசம், அதனாலயோ என்னவோ ரொம்ப நேரம் அந்த இடத்தை விட்டு நகரவே முடியல. இவர் இந்தியாவுக்கு வந்தாரா? பாத்து காப்பி அடிச்சதா? அந்தக் காலத்து லண்டன்ல இதெல்லாம் ஒருத்தருக்கு எப்படித் தோணியிருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுவடி:
அருமையான கேள்விங்க. உங்க கண்ணு பொய் சொல்லல, இந்தியச் சிற்பத்தோட சாயல்தான் அதுன்னு ஆய்வாளர்களும் எழுதியிருக்காங்க, யட்சி சிலைகளைத்தான் சொல்வாங்க. அதைச் செதுக்கறதுக்கு முன்னாடி அவர் இந்தியா வந்ததில்ல. நியூயார்க்ல போலந்து யூதக் குடும்பத்துல 1880ல பிறந்தவர், பாரிஸ்ல படிச்சுட்டு 1905ல லண்டன் வந்தார், பிரிட்டிஷ் மியூசியமே கதின்னு கிடந்தவர்.

அந்த 1910ங்கற வருஷத்தை கவனிங்க. அந்த ஜனவரில லண்டன்ல ஹாவெல் இந்தியக் கலை பத்தி ஒரு உரை குடுக்கறார் (இவர் 1884லயே மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்குப் பொறுப்பா வந்தவர்). அப்ப ஜார்ஜ் பேர்ட்வுட்னு ஒரு பெரிய மனுஷன் எழுந்து இந்தியாவுல உயர்ந்த கலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கற மாதிரி பேசி, ஜாவாவோட ஒரு புத்தர் சிலையைக் காட்டி, கொழுப்பு போட்டு வேகவெச்ச புட்டிங் மாதிரி இருக்குன்னுட்டார். படிக்கறப்ப இப்பவும் வயிறு எரியுது. ஆனா அந்தப் பேச்சுக்கு பதிலாத்தான் ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் 13 பேர் கையெழுத்துப் போட்டு டைம்ஸ் பேப்பருக்கு லெட்டர் எழுதினாங்க, அதே வருஷம் இந்தியக் கலைக்காக இந்தியா சொசைட்டிங்கற சங்கத்தை ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஆனந்த குமாரசுவாமியும் உண்டு, கொழும்புல பிறந்தவர், அப்பா சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர், அம்மா இங்கிலாந்துக்காரங்க. எப்ஸ்டைனோட அப்ப ரொம்ப நெருக்கமா இருந்த சிற்பி எரிக் கில்லுக்கு குமாரசுவாமி நல்ல நண்பர், அவரோட 'விஸ்வகர்மா' நூலுக்கு 1914ல கில்தான் முன்னுரை எழுதினார். கில்லும் எப்ஸ்டைனும் சேர்ந்து சசெக்ஸ்ல பெரிய பெரிய கல் உருவங்களோட கோயில் மாதிரி ஒண்ணு கட்டணும்னு 1910ல திட்டமே போட்டாங்க, நடக்கல. உங்க சிலை அந்த நாட்கள்ல செதுக்கினது.

உளிச்சத்தம்:
சுவடி சொன்னது சரி, ஆனா உருவச் சாயலை மட்டும் பேசினா பாதிதாங்க. எங்க தாத்தா மாமல்லபுரத்துல கல் வேலை பாத்தவர், அதனால எனக்கு முதல்ல கண்ணு போறது வேலை நடந்த விதத்துக்குத்தான். அந்தக் காலத்து ஐரோப்பால பேர் பெத்த சிற்பி பெரும்பாலும் களிமண்ல உருவம் பண்ணுவார், அதை பிளாஸ்டர்ல எடுத்து, பாயிண்டிங் மெஷின்ங்கற கருவியால புள்ளி புள்ளியா அளந்து வேற ஆளுங்கதான் கல்லுல எறக்குவாங்க. ரோடின் பேர்ல இருக்கற சலவைக்கல் சிலைங்க நிறைய அப்படி வந்ததுதான். எப்ஸ்டைன், கில், இந்த செட்டுதான் களிமண் உருவம் எதுவும் பண்ணாம நேரா கல்லுல உளி வெச்சாங்க. நேரா வெட்டறப்ப கையைத் தனியா நீட்டினா சுலபமா ஒடஞ்சிரும், உருவம் பெரும்பாலும் கல்லுக்குள்ளயே அடங்கித்தான் நிக்கும், கோயில் தூண்ல இருக்கறவளும் அதே காரணத்தாலதான் தூணோட ஒட்டி நிக்கறா. ஒரே மாதிரி தெரியறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லு ஹாப்டன் வுட், டெர்பிஷையர் சுண்ணாம்புக்கல், நம்ம கருங்கல் மாதிரி உளியை எகிற அடிக்காது, தேய்ச்சா பளபளப்பும் வரும். அடுத்த தடவை கிட்டப் போய்ப் பாருங்க, பொடிப்பொடியா கடல் உயிர்களோட தடம் தெரியலாம், அந்தக் கல்லுல சகஜம். எங்க பக்கம் கல்லைத் தட்டிப் பாத்து சத்தத்தை வெச்சு ஆண் கல், பெண் கல்னு பிரிப்பாங்க, அம்மன் சிலைக்கு பெண் கல்தான் எடுக்கணும். உங்க சிலையை எப்ஸ்டைன் முழுசா முடிக்கல. கண் திறக்காத சிலைன்னு தாத்தா சொல்வாரே, எனக்கு அந்த நினைப்புதான் வருது.

கரிசல்காரி:
ரெண்டு பேர் எழுதினதையும் ரசிச்சுப் படிச்சேன், ஆனா ஒரு விஷயத்துல எனக்கு மாற்றுக் கருத்து இருக்கு. யட்சி வளமைக்கு அடையாளம்தான், மரக்கிளையைப் பிடிச்சு நிப்பா, மார்பும் இடுப்பும் பெருசா இருக்கும், ஆனா அவ கர்ப்பிணி கிடையாது, வயிறு ஒட்டித்தான் இருக்கும். வயித்தை முன்னாடி கொண்டு வந்து வெச்சது எப்ஸ்டைன். இதை காப்பின்னு சொல்லிட்டா அவர் பண்ணினது காணாமப் போயிடும். அவருக்கு அந்த விஷயம் மேல தீராத பிடிப்பு, 1908லயே லண்டன் ஸ்ட்ராண்ட்ல டாக்டருங்க சங்கக் கட்டடத்துக்கு செஞ்ச 18 சிலைகள்லயும் ஒரு 'மெட்டர்னிட்டி' உண்டு, ஆபாசம்னு பேப்பர்ல பெரிய கூச்சல் போட்டாங்க. 1937ல அந்தக் கட்டடத்தை வெச்சிருந்த தெற்கு ரொடீசிய (இன்னிக்கு ஜிம்பாப்வே) அரசாங்கம், கல்லு பேர்ந்து விழுதுன்னு காரணம் சொல்லி முகம் கை காலெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க, இன்னிக்கும் அந்த மொண்ணையான உடம்புங்க அங்கயே நிக்குது.

அப்புறம் ஆப்பிரிக்கா. எப்ஸ்டைன் ஆப்பிரிக்கச் சிற்பங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர். 1913ல ஃப்ளெனைட்ல (சர்பென்டைன் கல்லுக்கு அவர் சொன்ன பேர்) செஞ்ச கர்ப்பிணில அந்தச் சாயல் நல்லாவே தெரியும். மான்செஸ்டர்ல விட்வொர்த் ஆர்ட் கேலரில அவரோட 'ஜெனிசிஸ்' சிலை இருக்கு, 1931ல முதல்ல காட்டினது, லீட்ஸ்லேந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான், போய்ப் பாருங்க. வெள்ளைச் சலவைக்கல்ல முழு மாசக் கர்ப்பிணி, முகம் ஆப்பிரிக்க முகமூடி மாதிரி, பெரிய கை ஒண்ணு விரலை விரிச்சு வயித்து மேல இருக்கும். அந்தக் கையைப் பாத்து நான் அழுதிருக்கேன், சும்மா சொல்லல, ரெண்டு பெத்தவ நான், கடைசி மாசத்துல கை தானா அங்க போகும். அந்தச் சிலையை அப்ப அசிங்கம்னு திட்டித் தீர்த்தாங்க, பின்னாடி ப்ளாக்பூல்ல மெழுகு பொம்மைக் காட்சிக்கூடத்துல காசு வாங்கிட்டு வேடிக்கை காட்டினாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சிலைங்கள்லாம் லண்டன், பாரிஸ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்ததே காலனி ஆட்சியாலதான். எல்லாத்தையும் 'ப்ரிமிட்டிவ்'னு ஒரே பெட்டில போட்டாங்க. செதுக்கினவன் பேரையோ ஊரையோ பெரும்பாலும் யாரும் எழுதி வெக்கல. எப்ஸ்டைன் மனசார நேசிச்சார்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா அந்தப் பேர் தெரியாதவங்களையும் சேத்துத்தான் நான் பாப்பேன்.

வைகைக்கரை:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கவே இல்ல. அதே கேலரில ஹென்றி மூரோட ஒரு குட்டி தாய் சேய் சிலையும் இருக்குதாம், அதுவும் 'மெட்டர்னிட்டி'தானாம், 1924. அவருக்கும் இந்திய பாதிப்பா?

சுவடி:
மூர் மெக்சிகோ பக்கம் சாஞ்சவர். லீட்ஸ்லயே அவரோட 1929 சாய்ஞ்ச பொண்ணு சிலை இருக்கும், பழுப்பு ஹார்ன்டன் கல்லு, சிச்சென் இட்சாவுல கிடைச்ச சாக்மூல்ங்கற மழைக்கடவுள் சம்பந்தப்பட்ட சிலையோட வார்ப்பை பாரிஸ்ல பாத்ததுலேந்து பிறந்தது. மான்செஸ்டர்ல இருக்கற தாய் சேய்ல குழந்தை அம்மா தோள் மேல ஏறி உக்காந்திருக்கும், ரெண்டும் ஒரே கல்லுண்டை மாதிரி. சுரங்கத் தொழிலாளி வீட்டுல ஏழாவது பிள்ளை அவர். அம்மாவுக்கு வாத வலி, சின்னப் பையனா தைலம் போட்டு முதுகைத் தேய்ச்சு விடுவாராம், அந்த முதுகு கையிலயே தங்கிப்போச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்கார்.

வைகைக்கரை:
எப்ஸ்டைன் சிலையை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அவ கேட்ட முதல் கேள்வி, "பின்னாடி போய்ப் பாத்தியா, முதுகு எப்படி இருக்கு"ன்னு. நான் முன்னாடியே நின்னுட்டு வந்துட்டேன். சனிக்கிழமை திரும்பப் போறேன், பாத்துட்டு எழுதறேன்.